எத்தனை காலமாகத் தெரியும்

இரண்டு பேர் வேண்டும்.
படிவம் அவ்வளவுதான் கேட்கிறது.
இவளை எத்தனை காலமாகத் தெரியும்,
எந்த வகையில் தெரியும்,
மருத்துவம் படிக்க ஏற்றவள்தானா.
முழு உதவித்தொகையில் ஒரே ஓர் இடம்.
வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள்,
அயர்லாந்து நேரப்படி.

பெரிய கையெழுத்தாக வாங்கு என்றார் அப்பா.
பெரியது என்றால் அவருக்குப் பச்சை மை,
வட்ட முத்திரை,
பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டிபோல் நீளும் பட்டங்கள்.
கவுன்சிலரின் மைத்துனரிடம்கூடச்
சொல்லி வைத்திருக்கிறார்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் மாவு மிஷின் ஓட்டுகிறவர்,
ஆளைப் பிடித்தால்தான் மின்சார மீட்டரே ஓடும் என்று
இருபது வருடமாகப் பார்த்தவர்.
அவர் சொல்வதிலும் பிழையில்லை.

முதல் கடிதம் சுலபமாகக் கிடைத்தது.
துறைத் தலைவர் பிடே சார்
தலை நிமிராமல் சொன்னார்:
நீயே எழுதிக்கொண்டு வா, போடுகிறேன்.
போன வருடத்துப் பையனின் கடிதம்
கிளார்க்கிடம் இருந்தது. பெயரை மாற்றினால் போதும்.
மாற்றினேன்.
மூன்று வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்தவளை
மூன்றாம் பத்தி இன்னும்
அவன் என்கிறது.
அவன் கிரிக்கெட் ஆடுகிறான், மாவட்ட அளவில்.
ஓர் இரவு முழுக்க அதைத் திருத்தாமல் விட்டேன்.
நன்றாகத்தான் ஆடினேன்.

இரண்டாவது யார்?
டியூஷன் வைத்தீஸ்வரன் சாருக்கு என் மதிப்பெண் தெரியும்.
டாக்டர் காம்ப்ளேக்கு என் டான்சில் தெரியும்.
ரத்ததான முகாம் செயலாளருக்கு முகம் தெரியும்,
இசக்கிராணி என்றல்ல,
ஜூஸ் கொடுக்கிற பொண்ணு என்று.

நான் பட்டியலில் எழுதாத பெயர் ஒன்று இருக்கிறது.
நஸ்னீன் கோத்வால்.
பரேல் ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம், இரண்டாம் மாடி.

ஜூலையில், மழை ரயில்களை நிறுத்திய நாள்.
பாதிப் பேர் வரவில்லை.
பார்த்துப் பழக வந்தவள் நான்,
ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினேன்.
பதினான்காம் படுக்கைக்கு நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றுக்குப் பதினான்கு.
யாரும் பார்க்கவில்லை.
டீயில் பாதி குடித்திருக்கும்போது
கைதான் எனக்குச் சொன்னது.

போய்ச் சொன்னேன்.
அவர் திட்டவில்லை, பயமே அதனால்தான்.
இயந்திரத்தை நிறுத்தினார். வா என்றார்.
ஏன் மறுபடி ஊசி என்று
இரண்டு படுக்கையிலும் என்னையே சொல்ல வைத்தார்,
என் ஓட்டை மராத்தியில்.
நாற்பத்தொன்று, பெஸ்ட் பஸ் கண்டக்டர்,
சில்லறை இல்லாத பயணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
பிறகு மறு கையை நீட்டினார்.
பதினான்கு திட்டியது மட்டும்
ஒரு சொல் விடாமல் புரிந்தது.

மாலையில் பிழைப் பதிவேட்டில் அவர் எழுதியது:
சீட்டு மாற்றம், இரண்டு குழாய், 3.10.
ஒட்டியவளே வந்து சொன்னாள்.

பிடே சாரின் இரண்டு பக்கமும் ஆடி முடித்தபின்
இந்த மூன்று சொல்லில்தான்
நான் அவள்.

ஆனால் கேட்டால் அதையும் எழுதிவிடுவார்.
எழுதினால் எடுப்பார்களா?
தப்புச் செய்கிறவள் என்று ஒருவர் ஒப்பமிட்டுத் தந்ததை
எந்தக் கல்லூரி
வாசலில் வைத்து வாசிக்கும்?
சயானில் ஏறியபோது அனுப்பினேன்.
மாதுங்காவில் பதில்:

எழுதுகிறேன்.
ஜூலையையும் எழுதுவேன்.
சம்மதமா?

தாதரில் கூட்டம் ஏறி
ஃபோன் நெஞ்சோடு நசுங்கியது.
யாருடைய டிபன் பாக்ஸோ விலாவில்.
அடுத்தது பரேல்.
ஒரு சொல்தான், அடிக்க ஒரு கை போதும்.
அதற்குக் கம்பியை விட வேண்டும்.